டெல்டாவில் குடியேறும் அயலகத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சங்கம் தொடங்கலாமா? ஆலோசனை வேண்டும்

கேள்வி: மன்னார்குடி வட்டத்திலிருந்து

அன்புடையீர், வணக்கம்.

என் கொள்ளுத்தாத்தா மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி ஒருவருடன் நாகப்பட்டினம் சென்று, அங்கே கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்குப் பின் மூன்று தலைமுறையும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது. ஈப்போவில் பிறந்த நான் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது மனைவி, பிள்ளைகள், என் தாயார் ஆகியோருடன் இங்கேயே நிலையாகக் குடிவந்திருக்கிறேன். வந்தபின்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் டெல்டா மாவட்டங்களில் ஆங்காங்கே இருப்பது தெரிந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தின் வாசலிலும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போன இடத்திலும், குலதெய்வக் கோயிலிலும் ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொண்டோம். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களே மிகுதி. பிரான்சிலிருந்து வந்த ஒரு குடும்பமும், இலங்கையின் மலையகத்திலிருந்து முந்தைய தலைமுறையில் வந்துவிட்ட சிலரும் எங்களோடு பேசி வருகிறார்கள்.

எல்லோருக்கும் முதல் சிக்கல் காகிதம்தான். எங்கள் பூர்வீக மனையை எடுத்துக்கொள்ளுங்கள். என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் தெளிவாக இருக்கிறது. மலாயாவில் பதிவான அவருடைய மரணச் சான்றிதழில் அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். தந்தை பெயர் இல்லை, ஊர்ப் பெயருக்குப் பதிலாக "மதராஸ்" என்று மட்டும் இருக்கிறது. இவரும் அவரும் ஒருவரே என்று காட்டினால்தான் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை (ஓ.சி.ஐ.) முதல் வாரிசுச் சான்றிதழ் வரை எதுவும் நகரும். மனையோ இன்று பங்காளி வழி உறவினர் ஒருவர் பெயரில் நத்தம் பட்டாவாக, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்துக்கான பட்டாவாக, இருக்கிறது. அவர் எங்களிடம் அன்பாகவே பழகுகிறார், ஆயினும் மனையைப் பற்றிய பேச்சை எடுத்தால் வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறார்.

இவற்றையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே புதிதாகக் கற்றுக்கொள்வதைவிட, ஒரு சங்கமாகச் சேர்ந்து செய்தால் பின்னால் வருகிறவர்களுக்காவது வழி எளிதாகும் என்பது எங்கள் எண்ணம். அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் தினம் கொண்டாடப்படுகிறது. ஆனால் அந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டிருப்பவர்களை மனத்தில் வைத்தவை, திரும்பி வந்து ஊரில் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு உள்ளூரில் கைகொடுக்க ஓர் அமைப்பு தேவைப்படுகிறது.

சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமா, அயல்நாட்டுக் குடிமக்கள் உறுப்பினராகலாமா, ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் உள்ள உறவினர்கள் பணம் அனுப்ப முன்வந்தால் வாங்கலாமா என்பவை என் கேள்விகள். திரும்பி வந்தவர்கள் மட்டுமே உறுப்பினராக இருக்க வேண்டும் என்று எங்களில் சிலரும், ஊர்க்காரர்களையும் சேர்க்க வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்

ஐயா, வணக்கம். நல்ல முயற்சி. பதிவைப் பற்றிய ஐயம் வேண்டாம், பதிவு செய்யுங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். சங்கத்தின் நோக்கங்களைச் சொல்லும் அமைப்புக் குறிப்பு, உறுப்பினர் சேர்க்கை முதல் கலைப்பு வரை எல்லாவற்றுக்குமான சட்டதிட்டங்கள், அலுவலக முகவரிக்கான சான்று ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பெறுவது எளிது; அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டுவது, தணிக்கை செய்த வரவுசெலவைத் தாக்கல் செய்வது, நிர்வாகிகள் மாறினால் உரிய காலத்துக்குள் தெரிவிப்பது ஆகியவற்றை விட்டுவிட்ட சங்கங்கள் பிறகு இரண்டு தரப்பாகப் பிரிந்து எங்கள் அலுவலகப் படிகளில் நின்றதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் சண்டைக்குக் காரணம் தீர்மானப் புத்தகம்தான். பக்க எண் இடாத நோட்டு, கூட்டம் முடிந்து பல நாள் கழித்து வீடு வீடாக எடுத்துச்சென்று வாங்கிய கையொப்பங்கள், இரண்டு தீர்மானங்களுக்கு நடுவே விட்டுவைத்த வெற்றிடம் என்று இருந்தால் நாளைக்கு எவரும் எதையும் எழுதிச் செருகலாம். கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானத்தை எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி வாசித்து, அங்கேயே கையொப்பம் வாங்குகிற பழக்கத்தை முதல் கூட்டத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிடக் கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையே பார்க்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் அயல்நாட்டுப் பங்களிப்பு ஆகாது. மலேசியக் குடியுரிமை பெற்றவர், அவர் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருந்தாலும், மன்னார்குடியிலேயே குடியிருந்தாலும், ரூபாயாகவே கொடுத்தாலும், அந்த நன்கொடை அயல்நாட்டுப் பங்களிப்புதான். அதை வாங்க மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று தொடங்கிய கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். பதிவுக்கு விண்ணப்பிக்கவே சங்கம் மூன்று ஆண்டுகள் செயல்பட்டு, தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். புதிய சங்கத்துக்கு இது எட்டாத உயரம். எனவே தொடக்கத்தில் சங்கத்தின் நிதியை இந்தியக் குடிமக்களான உறுப்பினர்களின் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களின் சந்தாவை எப்படிக் கையாள்வது என்று பட்டயக் கணக்காயர் ஒருவரிடம் எழுத்துமூலம் கருத்து வாங்கும் வரை ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம். நிர்வாகக் குழுவிலும் இந்தியக் குடிமக்களே பெரும்பான்மையாக இருப்பது பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

நிலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவர்கள் வீடு, மனை வாங்கலாம். விளைநிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது, வாரிசு உரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் உறவினர் பெயரில் நஞ்சை வாங்கிப்போட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. அப்படிச் செய்யாதபடி புதிதாக வருகிறவர்களைத் தடுத்தாலே சங்கம் பெரிய உதவி செய்ததாகும்.

பூர்வீகத்தைத் தேடும்போது இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். 1975க்கு முந்தைய பதிவுகளைப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடித்தான் எடுக்க வேண்டும். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வதில், ஊரில் இல்லாதவர்களின் பங்கு இருந்தவர்களின் பெயரில் ஏறிப்போனது பல இடங்களில் நடந்திருக்கிறது. அதைத் திருத்துவது வட்டாட்சியரோடு முடிகிற வேலை அன்று. கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டியிருக்கும். உங்கள் மனை நத்தம் என்பதால் அதன் வரலாறு வேறு. நத்தம் நிலவரித் திட்டப் பதிவேட்டையும் புலப்படத்தையும் முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் பங்காளியிடம் பேசுங்கள்.

மறுமொழி: மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர், பட்டுக்கோட்டை வட்டம்

உங்கள் கேள்வியில் மலையகக் குடும்பங்களையும் குறிப்பிட்டதற்கு நன்றி. பெரும்பாலும் எங்களை எவரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நீங்கள் விரும்பி வந்தவர்கள். எங்கள் தாத்தா பாட்டி அனுப்பப்பட்டவர்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரு அரசுகளும் முடிவு செய்தபோது, அந்த எண்ணுக்குள் அடங்கியவர்களிடம் எவரும் கலந்து பேசவில்லை. 1974இல் இன்னும் 75,000 பேர் சேர்ந்தார்கள். கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையோடு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு ஊருக்கு வந்தார்கள். அந்த அட்டை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. மடிப்புகள் நைந்து, முத்திரைகளின் ஊதா மை பின்பக்கம் வரை ஊறியிருக்கிறது. அரசு அவர்களுக்குத் தொழில் கடன் தந்தது, நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்தது, 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோருக்காக ரெப்கோ வங்கியைத் தொடங்கியது. அவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்தால் வந்து நிற்க, பெண்ணுக்கு வரன் பார்க்க, ரேஷன் கடையில் "சிலோன்காரர்" என்று தள்ளிவைத்தால் உடன் வந்து கேட்க ஆள் இல்லாமல் அவர்கள் பட்ட பாட்டை என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தேன். தன் தகப்பனார் பிறந்த ஊர் என்று நம்பி வந்தவருக்கு அந்த ஊரில் உட்காரச் சொல்ல ஒரு திண்ணை கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் இருந்துபார்த்துவிட்டுப் பலர் கோத்தகிரிப் பக்கம் தோட்ட வேலைக்கே போய்விட்டார்கள்.

அதனால் சங்கம் தொடங்கினால் வசதியோடு வந்தவர்களின் கூட்டமாக அது சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1983க்குப் பின் அகதிகளாக வந்து மறுவாழ்வு முகாம்களில் வாழ்பவர்களிலும் மலையக வழியினர் பலர் இருக்கிறார்கள். இந்த மண்ணிலிருந்தே போன குடும்பங்களின் பிள்ளைகள், இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் கைக்கு வராதவர்கள். அவர்களைச் சட்டப்படி உறுப்பினராக்க முடியாவிட்டாலும், தாத்தாவின் ஊர் எது, பதிவு எங்கே கிடைக்கும் என்று தேடித்தருவதில் உங்கள் சங்கத்தின் அனுபவம் அவர்களுக்குப் பெரிதும் உதவும். எங்கள் வீட்டு அட்டையைப் போன்ற காகிதங்கள் ஒவ்வொரு வீட்டிலும் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படியெடுத்து, எந்தக் குடும்பம், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று அட்டவணை இட்டு வைப்பதைச் சங்கத்தின் முதல் வேலையாகக் கொள்ளலாம். அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை.

மறுமொழி: ஓய்வு பெற்ற ஆசிரியை, வலங்கைமான் வட்டம்

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை முன்னால் எழுதியவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

ஊர்க்காரர்களைச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். அவர்களைச் சேர்க்காவிட்டால் சங்கத்துக்கு இங்கே வேலையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. போனவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் பங்காளி மனையை எடுத்துக்கொண்டார் என்று தோன்றும். இருந்தவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. இத்தனை காலமும் வீட்டு வரி கட்டியவர் அவர். புயலடித்து ஓடு பறந்தபோது மாற்றியவர் அவர். உங்கள் கொள்ளுப்பாட்டிக்குக் கொள்ளி வைத்ததும் அவர் வீட்டு ஆளாகவே இருக்கக்கூடும். சட்டம் உங்களுக்கு ஒரு பங்கைக் கொடுத்தாலும், அந்தக் கணக்கைக் காதுகொடுத்துக் கேட்காமல் நீங்கள் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. குத்தகைக்கு உழுகிறவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சாகுபடியாளருக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் 1955 முதல் இருக்கிறது. பூர்வீக நிலம் என்று உரிமை கொண்டாடி வருகிறவர் முதலில் அதில் இன்று சேற்றில் நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, போடுவார்கள். உங்களிடம் அந்த வரியைக் கேட்டு வாங்கினால் ஊர் உங்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள். எவ்வளவு பெரிய நன்கொடை கொடுத்தாலும் அது வரி ஆகாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் கோபுரத் திருப்பணிக்குப் பெருந்தொகை கொடுத்துக் கல்வெட்டில் பெயரும் பொறித்துக்கொண்டது. ஆனாலும் ஊர்க் கூட்டத்துக்கு அவர்களை அழைக்க எவருக்கும் தோன்றவில்லை. அதே ஊரில் வேறொரு குடும்பத்தார் எல்லோரையும் போல அதே தொகையைக் கட்டி, வாய்க்கால் தூர்வார ஆள் கேட்டபோது தாங்களும் மண்வெட்டியோடு போய் நின்றார்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்கு முன் கிளை வாய்க்கால் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்கும் வந்துவிட்டது. இன்று அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத இடம் போதவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஊர் என்று சொல்லும்போது எந்தத் தெருவைச் சொல்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் வணிகத்துக்குப் போனவர்கள் உண்டு. பண்ணையாட்களாக இருந்து, கடனும் பஞ்சமும் துரத்தப் போனவர்கள் மிகப் பலர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தும் வரை கங்காணிகள் ஆள் திரட்டியது பெரும்பாலும் சேரிகளிலும் குடிசைகளிலும்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று படித்து, நல்ல நிலையில் திரும்பி வந்து, தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட தெருவில் மனை வாங்க நினைக்கலாம். அப்போது சங்கம் அவர்கள் பக்கம் நிற்குமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரே சாதிக்காரர்களும் ஒரே கோயில்காரர்களும் சேர்ந்து வைக்கும் சங்கங்களுக்கு இங்கே பஞ்சமில்லை, இன்னொன்று வேண்டியதில்லை. உங்கள் சட்டதிட்டங்களில் எந்தத் தெருவிலிருந்து போனவராயினும் உறுப்பினராகலாம் என்று எழுதிவைத்து, முதல் நிர்வாகக் குழுவிலேயே அதைச் செய்து காட்டுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் அதன் உறுப்பினர்கள். உங்களில் இந்தியக் குடிமக்களாக இருப்பவர்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டு தவறாமல் போங்கள். மற்றவர்கள் சார்பிலும் அவர்கள் பேசலாம்.

பிள்ளைகளின் தமிழைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கிருந்து வந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைவிடப் பிழையின்றி எழுதியதை வகுப்பில் கண்டிருக்கிறேன். பிரான்சு, கனடா நாடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குத்தான் உதவி வேண்டும். அதற்கு எங்களைப் போன்று ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம், கேளுங்கள்.

மறுமொழி: காரைக்கால் வாசி

சிறு குறிப்பு. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் தமிழ்நாட்டுச் சட்டம் இங்கே பொருந்தாது. சங்கங்கள் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகின்றன. எங்கள் நிலைமையும் சற்று வேறு. 1962இல் பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு இணைந்தது சட்டப்படி முழுமையானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள் பலர் ஊரை விட்டுப் போகவே இல்லை. தெருவில் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர் குடும்பம், என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஓய்வூதியத்தோடு திரும்பி வருகிற முதியவர்களுக்குப் பிள்ளைகள் பிரான்சிலேயே இருந்துவிடுவதால், உடல்நலம் குன்றும்போது மருத்துவமனைக்கு உடன் போகவும், இறந்தால் துணைத் தூதரகத்துக்குத் தெரிவித்துக் காகிதங்களை முடிக்கவும் ஆள் இருப்பதில்லை. டெல்டாச் சங்கம் ஒன்று அமைந்தால், காரைக்காலில் தனியாகப் பதிவு செய்த ஓர் அமைப்பு அதனோடு சேர்ந்து செயல்படலாம். இதற்கு நான் பொறுப்பேற்று உழைக்கத் தயார்.

கேள்வி எழுப்பியவர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன். திரும்பி வந்தவர்கள் மட்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட எல்லோரும் இசைந்தார்கள். பதிவுக்குக் கையொப்பமிடும் ஏழு பேரில் மூவர் இந்த மண்ணை விட்டுப் போகாத ஊர்க்காரர்களாகவும், ஒருவர் மலையகக் குடும்பத்தவராகவும் இருப்பார்கள். வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று உறவினர்களுக்குச் சொல்லிவிட்டோம். குடும்பக் காகிதங்களைப் படியெடுக்கும் வேலையை என் மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். மனை விஷயத்தில் நத்தம் பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அது வரும் வரை பங்காளியிடம் அந்தப் பேச்சை எடுக்கப் போவதில்லை.

அம்மாவிடம் ஒரு கேள்வி. தலைக்கட்டு வரிப் பட்டியலில் எங்கள் பெயரைச் சேர்க்கும்படி நாங்களாகக் கேட்கலாமா, அல்லது ஊர் கேட்கும் வரை காத்திருப்பதுதான் முறையா?

ஆசிரியை, வலங்கைமான் வட்டம்

கேட்கலாம், தம்பி. ஆனால் நீங்களாகத் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். காப்புக் கட்டுவதற்கு முன் ஊர்க் கூட்டம் போடுவார்கள். அதற்கு உங்கள் பங்காளியை முன்னிட்டுக்கொண்டு போங்கள். "எங்கள் வகையறாவில் ஒரு தலைக்கட்டு கூடியிருக்கிறது" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் தாயாரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத் தாம்பூலத்தோடு ஒருமுறை போய் வாருங்கள்.